வெள்ளித்திரையில் கொட்டிய நம் வெள்ளி



கடந்த 2025 தீபாவளிக்கு வந்த மூன்று படங்களைப் பற்றி எழுதப் போகிறேன். நான் விமர்சகர் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஷிப்டு வேலை பார்க்கும் ஒரு தாய். ஆனால் மூன்றையும் காசு கொடுத்துப் பார்த்தவள். காசு கொடுத்தவளுக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பாலிக் புலாவில் திரையரங்கு கிடையாது. டுரியான் உண்டு, ஜாதிக்காய் உண்டு, லக்சா உண்டு. படம் பார்க்க வேண்டுமானால் மலைச்சாலை வளைவுகளைத் தாண்டி பாயான் லெப்பாஸ் பக்கம் பேரங்காடிக்குத்தான் போக வேண்டும். தீபாவளி அன்று, அக்டோபர் 20 திங்கட்கிழமை மாலை, நான், வீட்டுக்காரர், மகன், மகள், என் மாமியார் என்று ஐந்து பேரும் 'பைசன்' பார்க்கக் கிளம்பினோம். டிக்கெட் தலைக்கு 20 வெள்ளி, ஆக 100 வெள்ளி. பாப்கார்னும் தண்ணியும் 48 வெள்ளி. (மாமியார் வீட்டு முறுக்கை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். அன்று காசில்லாமல் சாப்பிட்டது அது ஒன்றுதான்.) அந்த வாரக் கடைசியில் மகளும் தங்கை மகளும் நானும் 'டியூட்' பார்த்தோம், 60 வெள்ளி. பிறகு வீட்டுக்காரரும் நானும் 'டீசல்', 40 வெள்ளி. மொத்தம் 248 வெள்ளி. பெட்ரோலைச் சேர்க்கவில்லை. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. 26 நாள் வேலை என்று வகுத்துப் பாருங்கள், ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். கிட்டத்தட்ட நான்கு நாள் கூலியைத் திரையில் கொட்டியிருக்கிறோம். நம் தாமான்களிலும் பிளாட் வீடுகளிலும் எத்தனை குடும்பங்கள் இப்படிச் செய்தன என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

சரி, கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது?

'டீசல்' படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வடசென்னையில் மீனவ மக்கள் வாழும் இடத்தின் வழியாகக் கச்சா எண்ணெய்க் குழாய் போகிறது. அதிலிருந்து எண்ணெய் எடுத்து விற்கும் கூட்டத்தில் ஹரிஷ் கல்யாண். கடலையும் கரையையும் பெரிய முதலாளிகள் விழுங்குவதைப் பேச ஆரம்பித்த படம், பாதி வழியில் சண்டையும் பாட்டுமாகத் தடம் மாறிப் போய்விட்டது. வீட்டுக்காரர் இடைவேளைக்குப் பிறகு தூங்கிவிட்டார். நான் மட்டும் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், தெற்குக் கடற்கரையில் 2023-லிருந்து கடலில் மண் கொட்டிச் செயற்கைத் தீவு எழுப்புகிறார்கள். அந்தப் பக்கத்து மீனவர்கள், பெரும்பாலும் நம் மலாய்க்கார அண்டை வீட்டார், பல ஆண்டுகளாக எதிர்ப்புத் தெரிவித்துப் பார்த்தார்கள். வடசென்னை மீனவனுக்காக உச்சுக் கொட்டிய நாம், தெலுக் கும்பார் சந்தையில் மீன் வாங்கும்போது அந்த மீனவரிடம் ஒரு வார்த்தை விசாரித்தோமா? நானும் விசாரித்ததில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன்.

'டியூட்' இளையவர்களுக்கான படம். கீர்த்தீஸ்வரன் என்ற புது இயக்குநர். பிரதீப் ரங்கநாதனும் மமிதா பைஜுவும் நன்றாக நடித்திருக்கிறார்கள், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அமைச்சராக வரும் சரத்குமார், சாதிக்காகக் கொலை செய்யவும் தயங்காத மாமா. சாதி மீறிக் காதலித்த பெண்ணை அவரிடமிருந்து காப்பாற்ற, கதாநாயகன் தன் காதலை விட்டுக்கொடுத்து ஊருக்கு முன்னால் கணவனாக நடிக்கிறான். ஆணவக் கொலை தவறு என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது படம். நல்லதுதான். ஆனால் என் மகள் வெளியே வந்ததும் சொன்னாள், "ம்மா, அந்தப் பொண்ணுக்கு என்னா வேணும்னு கடைசி வரைக்கும் ஆம்பளைங்கதான் பேசி முடிக்கிறாங்க." சரியாகப் பிடித்துவிட்டாள் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

சாதியைப் பற்றியும் ஒன்று. அதெல்லாம் தமிழ்நாட்டு விஷயம், நம் நாட்டில் கிடையாது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையா? பெண் பார்க்கும் பேச்சு வரும்போது "நம்ம ஆளுங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்காத வீடு எத்தனை? ஒரே லயத்தில் பிறந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே மேண்டோரிடம் ஏச்சு வாங்கிய குடும்பங்கள் அந்தக் கேள்வியை இன்னும் விடவில்லை. அந்தக் குசுகுசுப்பைப் படமாக எடுத்தால் பாலிக் புலாவில் பாதிப் பேருக்கு முகம் வாடும். எடுக்கத்தான் ஆள் இல்லை.

இனி 'பைசன்'.

மாரி செல்வராஜ் எடுத்த படம். விக்ரமின் மகன் துருவ் கபடி ஆட்டக்காரராக நடித்திருக்கிறார். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் குழுவில் ஆடி, பிறகு அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசன் என்ற உண்மையான வீரரின் வாழ்க்கையை ஒட்டிய கதை. தென்மாவட்டத்துக் கிராமம். இரண்டு சாதித் தலைவர்களின் பகை. இடையில் விளையாட மட்டுமே தெரிந்த ஒரு பையன். அவன் எந்தப் பக்கமும் சேராமல் ஓடிக்கொண்டே இருக்கிறான், ஓட ஓட இரண்டு பக்கமும் அவனை இழுக்கிறது. மகனை விளையாட விடாமல் தடுக்கும் அப்பாவாகப் பசுபதி. மகன் வெட்டுப்பட்டுச் சாவான் என்ற பயத்தில்தான் அவர் தடுக்கிறார். அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. என் மகன் இரவு பதினொரு மணிக்கு மோட்டாரை எடுக்கும்போது எனக்கும் அதே பயம்தான்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. நீளம் அதிகம், இரத்தம் அதிகம், காதல் காட்சிகள் ஒட்டவில்லை. ஆனாலும் இந்தத் தீபாவளியின் ஒரே படம் என்றால் இதுதான். ஏன் தெரியுமா? மாரி செல்வராஜ் தன் மண்ணின் கதையை, தன் மக்களின் பேச்சில், தன் ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையை வைத்துச் சொன்னார். யாருக்கும் பயந்து பூசி மெழுகவில்லை. ஓர் ஏழைக் கிராமத்துப் பையனின் பெயர் இன்று உலகத் தமிழர் எல்லாருக்கும் தெரிகிறது. ஒரு சினிமா செய்ய வேண்டிய வேலை அது.

அன்றிரவு வீடு திரும்பும் வழியில்தான் என் கேள்வி பிறந்தது. மகன் வண்டி ஓட்டியபடி மணத்தி எங்கே இருக்கிறது, திருநெல்வேலியிலிருந்து எவ்வளவு தூரம், கணேசன் எந்த ஆண்டு விருது வாங்கினார் என்று அடுக்கிக்கொண்டே வந்தான். கைப்பேசியில் எல்லாம் தேடிப் படித்திருக்கிறான். பின்னால் இருந்த மாமியார், "துரை வந்தா சைக்கிளை விட்டு எறங்கி நிக்கணும்னு எங்கப்பா சொல்வாரு" என்றார். சம்பந்தமே இல்லாததுபோல் இருந்தது. ஆனால் படத்தில் ஏழைகள் படும் அவமானத்தைப் பார்த்து அவருக்கு அந்த நினைப்பு வந்திருக்கிறது. மகன் வண்டியை மெதுவாக்கி, "என்னா பாட்டி சொல்றீங்க, சைக்கிள விட்டு எறங்கணுமா? ஏன்?" என்றான். அவனுக்கு அது தெரியாது. தன் பாட்டி பிறந்த தோட்டத்தின் பெயரும் அவனுக்குத் தெரியாது. செபராங் பிறை பக்கம் என்று மட்டும் தெரியும். மணத்தி தெரிந்த பிள்ளைக்கு அது தெரியவில்லை. குற்றம் அவனுடையதா?

மாமியாரின் அப்பா சொன்னது வெறும் வீட்டுக் கதை இல்லை, உறவுகளே. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன். கோரிக்கைகளைக் கேளுங்கள்: சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் அதே கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது, பிள்ளைகளுக்குப் படிப்பு, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. ஆமாம், சைக்கிளில் உட்கார்ந்தபடி போகும் உரிமைக்காகவும் போராடினார்கள். நாதனை நாடு கடத்தினார்கள். இராணுவத்தைக் கொண்டுவந்து சுட்டார்கள், தொழிலாளர்கள் செத்தார்கள். இதைவிட ஒரு படத்துக்குக் கதை வேண்டுமா? முதல் காட்சியே கண் முன்னால் நிற்கிறது. செம்மண் சாலை, ஒரு சைக்கிள், எதிரே துரையின் கார்.

கதைக்குப் பஞ்சமே இல்லை. சயாம் மரண இரயில் பாதையில் நம் ஆட்கள் ஆயிரமாயிரமாய் மடிந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். விளையாட்டு வீரர் கதைதான் வேண்டுமென்றால் நம் கோல் காவலர் ஆர். ஆறுமுகம் இருக்கிறார். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடியவர், 1988-இல் சாலை விபத்தில் இறந்துபோனார். அவரை நினைவூட்டும் ஒரு பாத்திரம் 2016-இல் வந்த 'ஓலா போலா' படத்தில் வந்தது. எடுத்தவர் சியூ கெங் குவான் என்ற சீன இயக்குநர். அவருக்கு நன்றி. ஆனால் ஆறுமுகத்தின் முழுக் கதையைத் தமிழில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல யார் வந்தார்கள்?

இன்னும் பக்கத்தில் வாருங்கள். நம் பினாங்குத் தீவிலேயே, குளுகோரில், கம்போங் புவா பாலா இருந்தது. பிரவுன் குடும்பத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வாரிசுகள், மாடும் ஆடும் வளர்த்து வாழ்ந்த தமிழ்க் கம்பம். நீதிமன்றம் வரை போய்ப் போராடியும் 2009-இல் இயந்திரங்கள் வந்து வீடுகளைத் தரைமட்டமாக்கின, அடுக்குமாடி கட்டுவதற்காக. அந்தக் கம்பத்துக்கு ஊரார் வைத்திருந்த பட்டப்பெயர் நினைவிருக்கிறதா? 'ஹை சப்பரல்'. மாடு மேய்க்கும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பெயர்! நம் கம்பத்துக்குப் பெயர்கூட அடுத்தவர் திரையிலிருந்துதான் வந்தது. அந்தக் கம்பம் திரைக்கு வரவேயில்லை.

சென்னைக்காரர்கள் நம்மைக் காட்டியதே இல்லையா என்று கேட்பீர்கள். காட்டினார்கள். எப்படிக் காட்டினார்கள் என்று பார்ப்போம்.

2007 நவம்பர் 25. நம்மில் பலர் கோலாலம்பூர் போன நாள். போகாதவர்களும் அன்றைய படங்களைப் பார்த்திருப்பீர்கள். விடிவதற்கு முன்பே பத்துமலைக் கோயில் வாசலில் கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பாய்ந்தன. டிசம்பர் 13-ஆம் தேதி ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்துக் கமுந்திங் முகாமுக்கு அனுப்பினார்கள். மறுநாள், டிசம்பர் 14, அஜித்தின் 'பில்லா' திரைக்கு வந்தது. முழுக்க முழுக்க மலேசியாவில் நடக்கும் கதை. அதே பத்துமலை, அதே முருகன் சிலை, அதன் முன்னால் ஆட்டம் பாட்டம். படம் எடுத்தவர்கள் மீது குற்றம் சொல்லவில்லை, அவர்கள் முன்னரே எடுத்துவிட்டுப் போனார்கள். ஆனால் அந்தப் படத்தில் ஒரு தோட்டம் உண்டா, ஒரு லயம் உண்டா, அடையாள அட்டை இல்லாத ஒரு பிள்ளை உண்டா? கோட்டு, கார், துப்பாக்கி, உயரமான கட்டடம். நம் நாடு அவர்களுக்கு ஒரு நல்ல பின்னணித் திரை. அவ்வளவே.

'கபாலி' வேறு மாதிரி. 2016 ஜூலையில் வந்தது. பா. இரஞ்சித் தோட்டத் தொழிலாளியின் கூலிப் போராட்டத்தைப் பேசினார். வழிதவறிய பிள்ளைகளுக்கான பள்ளியைக் காட்டினார். இரஜினி வாயால் நம் கதையைக் கேட்டபோது என் கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் அந்த நியாயம் எல்லாம் கடைசியில் எங்கே போய் நின்றது? மறுபடியும் கோட்டு, மறுபடியும் துப்பாக்கி. உலகமெல்லாம் அந்தப் படத்தின் முடிவில் இருட்டில் ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டது, யார் சுட்டது, யார் செத்தது என்பதைப் பார்ப்பவரிடம் விட்டார்கள். நம் நாட்டுத் திரையில் மட்டும் கபாலி போலீசிடம் சரணடைந்தார் என்று எழுத்தைப் போட்டு முடித்தார்கள். நம்மைப் பற்றிய கதை, நம் காசில் ஓடிய கதை. அதன் முடிவை மட்டும் நமக்கு மாற்றிக் காட்டினார்கள். நாமும் விசிலடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

துப்பாக்கி விஷயத்தை இலேசாக விட முடியாது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு ஒரு பட்டியல் வெளியிட்டது. 49 குண்டர் கும்பல்கள், உறுப்பினர்கள் 40,313 பேர், அதில் இந்தியர்கள் 28,926 பேர். நூற்றுக்கு எழுபதுக்கு மேல். அப்போது நாட்டின் மக்கள்தொகையில் நாம் ஏழு விழுக்காடு சொச்சம்தான். படத்தால்தான் பிள்ளைகள் கெட்டார்கள் என்று மேடையில் முழங்கும் தலைவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது அரசாங்கத்துக்கு நாம் எடுத்துக் கொடுக்கும் நல்ல சாக்கு. தோட்டத்தை விற்று ஆட்களை வெளியேற்றியவர்கள் யார்? நிலமும் இல்லாமல், வீடும் இல்லாமல், கைத்தொழிலும் தெரியாமல் பட்டணத்து ஓரத்தில் கொண்டுவந்து கொட்டியவர்கள் யார்? படிவம் மூன்றோடு பிள்ளை நின்றபோது ஏன் என்று கேட்காத பள்ளிகள் எத்தனை? இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் சினிமாவைக் கைகாட்ட முடியாது.

ஆனால் இன்னொன்றும் உண்மை. எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன். பெயர் வேண்டாம். கழுத்தில் ஒரு எண்ணைப் பச்சை குத்திக்கொண்டு வந்தான், பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவன் கைப்பேசியைத் திறந்தால் கதாநாயகன் சிகரெட்டோடு நடந்துவரும் காட்சிதான் முகப்பில். அவன் அப்பா செம்பனைக் குலை வெட்டி முதுகொடிந்தவர். அந்த அப்பாவைப் போன்ற ஒருவரை எந்தத் திரையிலும் அவன் கதாநாயகனாகப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மாறியிருப்பானா? சத்தியம் செய்ய மாட்டேன். பார்க்கவே வாய்ப்பில்லாமல் போய்விட்டது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அப்படி ஒரு படம் வரவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். 2015 டிசம்பரில் 'ஜகாட்' வந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது. 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல்லை நம் வாய் சொல்லும் விதமே படத்தின் பெயர். தொண்ணூறுகளின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் குடும்பம். அப்போய் என்ற குறும்புக்காரச் சிறுவன். அடித்தாவது படிக்க வைக்க நினைக்கும் அப்பா. அப்பாவின் சகோதரர்களில் ஒருவர் போதையில் விழுந்து எழுந்தவர், இன்னொருவர் கும்பலில் இருப்பவர். பிள்ளை யார் பக்கம் சாய்கிறான், ஏன் சாய்கிறான் என்பதே கதை. அந்தப் பட்டியலில் இருந்த 28,926 என்ற எண்ணுக்குள் ஒரு பையன் எப்படிப் போய்ச் சேர்கிறான் என்று அமைச்சு சொல்லாததை அந்தப் படம் சொன்னது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது நானும் வீட்டுக்காரரும் மட்டும் போய்ப் பார்த்தோம். அரங்கில் எங்களைச் சேர்த்துப் பதினொரு பேர். எண்ணினேன். அடுத்த ஆண்டு 'கபாலி'க்கு டிக்கெட் கிடைக்காமல் இரண்டு முறை திரும்பி வந்தோம்.

அந்தப் படத்துக்கு நடந்த கூத்தையும் மறக்கக் கூடாது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழா. தேசிய மொழியில் இல்லாத படங்களைச் சிறந்த படத்துக்கான போட்டியில் சேர்க்காமல் தனிப் பிரிவில் ஒதுக்கி வைத்தார்கள். இந்த மண்ணில் பிறந்தவர் எடுத்த, இந்த மண்ணின் கதையைச் சொன்ன படம், 'மலேசியப் படம்' என்ற பெயருக்கு லாயக்கில்லையாம்! எதிர்ப்பு கிளம்பியது. மலாய்க் கலைஞர்கள் சிலரும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள், அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கடைசியில் விதியை மாற்றினார்கள். அந்தச் செப்டம்பரில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதை 'ஜகாட்' வாங்கியது. ஒரு தமிழ்ப் படம். கூச்சல் போட்டதால் கிடைத்தது.

எனக்கு உறுத்துவது இதுதான். மேலே இருப்பவர்கள் அந்தப் படத்தை ஒதுக்கியபோது நமக்குக் கோபம் வந்தது. அதற்கு முன்பே, திரையரங்கில் வெறும் நாற்காலிகளை விட்டு நாமே அதை ஒதுக்கிவிட்டோமே, அதை யார் கண்டிப்பது?

2025 டிசம்பர் 27-ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கத்தை நினைத்துப் பாருங்கள். விஜய்யின் 'ஜனநாயகன்' பாடல் வெளியீடு. நாடு முழுவதிலுமிருந்து, சிங்கப்பூரிலிருந்தும் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். பினாங்கிலிருந்து பஸ் பிடித்துப் போனவர்கள் என் வேலையிடத்திலேயே உண்டு. ஜனவரி 9-ஆம் தேதி வரவேண்டிய படம் இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் சிக்கலில் அன்றைக்கு வரவில்லை. அதற்கு இங்கே சிலர் சோறு இறங்காமல் கிடந்தார்கள். பொங்கலுக்கு வந்த 'பராசக்தி'யோ 1965-இல் தமிழ்நாட்டு மாணவர்கள் மொழிக்காகப் போராடியதைப் பற்றியது. அவர்கள் வரலாற்றை அவர்கள் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், வாழ்த்துவோம். இங்கே தமிழ்ப்பள்ளிக்காகத் தோட்டத்து மக்கள் கூலியில் பிடித்தம் செய்து கட்டடம் எழுப்பிய கதையை எந்தச் சென்னைக்காரர் வந்து எடுப்பார்? ஏன் எடுக்க வேண்டும்? அது அவர் கடமை இல்லையே.

இப்படி எழுதினால் வரும் பதில்களும் எனக்குத் தெரியும். "நாள் முழுக்க உழைச்சிட்டு ரெண்டு மணி நேரம் சிரிக்கப் போறோம், அங்கேயும் அழச் சொல்றீங்களா அக்கா?" என்று என்னோடு வேலை செய்யும் தங்கை ஒருத்தி கேட்டாள். நியாயமான பேச்சு. நான் படம் பார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கே இரஜினி படம் என்றால் உயிர். 2018-இல் விமலா பெருமாள் எடுத்த 'வெடிகுண்டு பசங்க' நம் ஊர்ப் பேச்சில் சிரிக்க வைத்த படம்தான், கூட்டமும் வந்தது. நம் கதை என்றால் ஒப்பாரி என்று யார் சொன்னது?

"உள்ளூர்ப் படத்தில் தரம் இல்லை" என்பது அடுத்தது. பாதி உண்மை. சென்னைப் படத்தையே மலிவு விலையில் நகல் எடுத்து, நாலு சண்டை, ஒரு கும்பல், ஒரு குத்துப்பாட்டு என்று வரும் உள்ளூர்ப் படங்களை நானும் பார்த்து நொந்திருக்கிறேன். அவற்றுக்கு இனத்தின் பெயரைச் சொல்லிக் காசு கேட்காதீர்கள், தரமாட்டேன். ஆனால் 2005-இல் தீபக் குமரன் மேனன் தோட்டத்துக் குடும்பத்தை வைத்து 'செம்மண் சாலை' எடுத்தார். 2014-இல் பிரகாஷ் ராஜாராம் 'வெண்ணிற இரவுகள்' எடுத்தார். தரம் இருந்தபோது நாம் போனோமா?

திரையரங்கு கணக்கு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் புதுப்படம் பெரும்பாலும் வியாழக்கிழமை வரும். ஞாயிற்றுக்கிழமைக்குள் எத்தனை டிக்கெட் போனது என்று பார்த்துத்தான் அடுத்த வாரம் எத்தனை காட்சி, எந்த நேரம் என்று முடிவு செய்வார்கள். கூட்டம் இல்லாத படத்தை மதியம் ஒரு மணிக்கோ நள்ளிரவுக்கோ தள்ளுவார்கள். ஷிப்டு வேலைக்காரர்கள் யார் மதியம் ஒரு மணிக்குப் போக முடியும்? "அப்புறம் பார்த்துக்கலாம், விண்மீன்ல போடுவான்" என்று நாம் ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அந்தப் படம் அங்கேயே செத்தது. அடுத்த படம் எடுக்க அந்த இயக்குநருக்கு யாரும் காசு தர மாட்டார்கள். ஆகவே நல்ல உள்ளூர்த் தமிழ்ப் படம் வந்தால் முதல் நான்கு நாளில் போங்கள். மாலைக் காட்சி இல்லையென்றால் முகப்பில் நின்று ஏன் இல்லை என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள், இருபது பேர் கேட்டால் மேலாளரைக் கூப்பிடுவார்கள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமும் கோயில் நிர்வாகமும் ஒரு பஸ் ஏற்பாடு செய்தால் பாலிக் புலாவிலிருந்து நாற்பது பேர் ஒன்றாக இறங்கலாம். திருவிழாவுக்குச் செய்கிறோமே.

என் வீட்டில் இந்த ஆண்டுத் தீபாவளிக்கு ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். அந்த 248 வெள்ளியில் 100 வெள்ளியைத் தனி டப்பாவில் போட்டு வைப்பது, உள்ளூர்ப் படம் வந்தால் மட்டும் எடுப்பது. மகன் முதலில் முனகினான், பிறகு டப்பா மேல் அவனே பெயர் எழுதி ஒட்டினான்.

மாமியார் பிறந்த தோட்டத்தின் பெயரையும் அவன் இப்போது கேட்டுத் தெரிந்துகொண்டான். அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி எம்.ஜி.ஆர் படம் போடுவார்களாம், துணிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு எம்.ஜி.ஆர் இடதுகையால் சண்டை போடுவாராம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படி எவ்வளவோ இருக்கும். பாலிக் புலாவ், சுங்கை ஆரா, தெலுக் கும்பார், செபராங் பிறை பக்கத்துத் தோட்டங்கள், படம் போட்ட திடல்கள், வேலைநிறுத்தங்கள், துரை, கங்காணி, சைக்கிள், எதுவானாலும் சரி. பெரியவர்கள் பேசுவதை எழுதியோ பதிவு செய்தோ இந்த இதழுக்கு அனுப்புங்கள். பழைய புகைப்படம் இருந்தால் இன்னும் நல்லது. படம் எடுக்கும் நம் இளைஞர்கள் நால்வர் கதை கேட்டு வந்திருக்கிறார்கள், அவர்களிடம் சேர்ப்பது என் பொறுப்பு.

— பாலிக் புலாவிலிருந்து ஒரு தொழிலாளித் தாய்